தண்ணீர் இருக்கும் மாதம்: ஆரணியிலிருந்து படகுச் சவாரி

ஆரணிக்காரருக்குப் படகு உள்ளூரில் கிடைக்காது. கமண்டல நாகநதி ஊரை ஒட்டித்தான் ஓடுகிறது. ஆனால் வருடத்தில் பெரும்பகுதி அது மணலாகத்தான் கிடக்கிறது. ஜவ்வாது மலையில் நல்ல மழை பெய்து, படவேடு பக்கம் செண்பகத்தோப்பு அணை நிரம்பித் தண்ணீர் திறந்தால் ஆறு இரு கரையும் தொட்டுப் போகும். அந்த நாட்களில் பாலத்தின் மேல் நின்று பார்க்கலாம். இறங்கக் கூடாது. மணல் அள்ளிய பள்ளங்கள் வெள்ளத்தடியில் எங்கே இருக்கின்றன என்பது உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே தெரியாது. ஆகவே இந்த அத்தியாயம் ஊரைவிட்டு வெளியே போவதைப் பற்றியது: ஒரு நாளில் போய்வரக்கூடிய நீர்நிலைகள், ஒரு இரவு தங்க வேண்டியவை, படகில் ஏறுமுன் பார்க்க வேண்டியவை.

படகுப் பயணத்துக்கு நாள் குறிக்கும்போது நம்மவர்கள் பள்ளி விடுமுறையைப் பார்க்கிறார்கள். தண்ணீர் விடுமுறையைப் பார்த்து வருவதில்லை. இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம்

நம் பக்கத்து ஏரிகள் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும். மார்கழி, தை, மாசி வரை ததும்பி நிற்கும். பங்குனியில் கரை தெரியத் தொடங்கும். சித்திரை, வைகாசியில் பல இடங்களில் படகுத்துறைப் படிக்கட்டு தண்ணீருக்கு எட்டாமல் நிற்கும். குடும்பங்கள் கூட்டங்கூட்டமாகப் போவதோ அந்தச் சித்திரை, வைகாசியில்தான். பாதி வற்றிய ஏரியில், ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, இருபது நிமிடம் சுற்றிவிட்டு வருவார்கள்.

நெசவுக் குடும்பத்துக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. அதை நாம் பயன்படுத்திக்கொள்வதில்லை. மழை நாட்களில் தறிக்குழியில் ஈரம் ஏறும். தெருவில் பாவு நீட்ட வெயில் இருக்காது. தீபாவளி வியாபாரம் முடிந்திருக்கும். மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் பட்டுக்கடைகளிலும் அவசரம் இருக்காது. வேலை தளரும் அதே நாட்களில்தான் ஏரிகள் நிரம்பியிருக்கின்றன. மார்கழியிலேயே அரையாண்டு விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களைத் தவிர்த்துவிட்டு நடுவில் ஒரு செவ்வாய், புதன் கிடைத்தால் அதைவிட நல்ல நாள் கிடையாது.

பெருமழை பெய்யும் நாட்களில் மட்டும் போக வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து ஒரே நாளில் லட்சக்கணக்கான கன அடி திறந்ததும், தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். மழை விட்டு ஒரு வாரம் போகட்டும். மலைச்சாலையில் சரிந்த மண்ணை அள்ளியிருப்பார்கள், ஏரியும் தெளிந்திருக்கும்.

காவிரிக்குக் கணக்கு வேறு. ஒகேனக்கல்லுக்கு வரும் தண்ணீர் கர்நாடகத்தில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை. ஆனி, ஆடியில் கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பினால் அங்கே வெள்ளம் புரளும். மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போட்டுவிடும். நம் பக்கம் காய்ந்து கிடக்கும்போது அங்கே தண்ணீர் அதிகம் என்று படகு நிற்கும். கிளம்பும் நாள் காலையில் செய்தியில் 'ஒகேனக்கல் நீர்வரத்து' எத்தனை கன அடி என்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். தடை போட்ட நாளில் "நான் கூட்டிட்டுப் போறேன் சார்" என்று மெதுவாக வந்து கேட்பவரோடு போகாதீர்கள். அவர் நீச்சல் தெரிந்தவர்.

மலை ஏரிகள்: ஜமுனாமரத்தூரும் ஏலகிரியும்

மிக அருகில் இருப்பது ஜவ்வாது மலை. ஆரணியிலிருந்து போளூர், அங்கிருந்து மலையேறிச் சுமார் 40 கி.மீ. போனால் ஜமுனாமரத்தூர். கோமுட்டேரியில் படகு குழாம் இருக்கிறது. சின்ன ஏரிதான். சுற்றிலும் மலை, ஓரத்தில் நடைபாதை, மிதி படகுகள், துடுப்புப் படகுகள். ஊட்டியை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். கூட்டமில்லாத தண்ணீரில் அரை மணி நேரம் சும்மா மிதக்க வேண்டுமென்று போனால் இதற்கு இணை பக்கத்தில் வேறில்லை. பீமன் நீர்வீழ்ச்சி அருகில். மழைக்குப் பிறகு அதிலும் தண்ணீர் இருக்கும். காவலூர் வைணு பாப்பு வானாய்வகமும் இதே மலைத்தொடரில்தான். திரும்பும்போது சாமையும் தேனும் வாங்கிக்கொள்ளலாம். இருட்டுமுன் மலையிறங்கிவிடுங்கள். பேருந்தில் போகிறவர்கள் ஏறியதும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று நடத்துனரிடமே கேட்டுவைத்துக்கொள்வது நல்லது.

ஏலகிரி இன்னும் தூரம். வேலூர், வாணியம்பாடி தாண்டிப் பொன்னேரியில் திரும்பி மலையேற வேண்டும். 14 கொண்டை ஊசி வளைவுகள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் பெயரோ கடையெழு வள்ளல்களில் ஒருவர் பெயரோ வைத்திருக்கிறார்கள். வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கு ஏழாவது வளைவு வரை புலவர்கள், அதற்கு மேல் பாரி, காரி, ஓரி என்று சொல்லிக்கொண்டே போனால் கவனம் கொஞ்சம் திரும்பும். மேலே புங்கனூர் ஏரி, வெட்டி உண்டாக்கிய ஏரி. படகுக்கு அங்கே நல்ல ஏற்பாடு. ஞாயிறு பிற்பகலில் பெங்களூர், சென்னை வண்டிகள் நிறைந்துவிடும். காலை ஒன்பது, பத்து மணிக்கே படகுத்துறையில் இருக்கும்படி கிளம்புங்கள்.

இரண்டு இடத்திலும் பெரும்பாலும் கிடைப்பது மிதி படகு. இதில் ஒரு சங்கடம். நாள் முழுக்கத் தறியில் மிதி மிதித்தவரைக் கூட்டிக்கொண்டு போய் மிதி படகில் உட்காரவைப்பது பாவம். முட்டி வலிக்காரர்கள் வீட்டுக்கு வீடு இருக்கும் ஊர் நம்முடையது. அப்பாவையும் சித்தப்பாவையும் துடுப்புப் படகில் படகோட்டியோடு அனுப்பிவிட்டு, மிதிப்பதைக் கல்லூரிப் பிள்ளைகளிடம் விடுங்கள். மிதி படகில் எடையைச் சமமாகப் பிரித்து உட்கார வேண்டும். ஒரு பக்கம் கனமானவர் உட்கார்ந்தால் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும், திருப்பித் திருப்பி மிதித்தே ஓய்ந்துபோவீர்கள். காற்று கிளம்பினால் முதலில் காற்றை எதிர்த்துப் போய்விடுங்கள். திரும்பி வரும்போது அதுவே உங்களைத் தள்ளிக்கொண்டு வரும். பலரும் நேர்மாறாகச் செய்து, நேரம் முடிந்த பிறகு ஏரியின் மறுகோடியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் மலைமேல் பிற்பகலில் இடி இடிக்கும். முதல் இடி காதில் விழுந்ததும் கரைக்குத் திரும்புங்கள். பரந்த தண்ணீரில் உயரமாக நிற்பது நீங்கள் மட்டும்தான்.

சாத்தனூர் அணையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். 1958-இல் கட்டி முடித்த 119 அடி அணை. பூங்கா, முதலைப் பண்ணை எல்லாம் உண்டு. பிள்ளைகளைக் கூட்டிப்போக நல்ல இடம். படகை மட்டும் எண்ணிப் போகாதீர்கள். அணை நீரில் படகு ஓடுவது நீர்மட்டத்தையும் அதிகாரிகளின் அனுமதியையும் பொறுத்தது. ஓடினால் அதிர்ஷ்டம்.

உப்புத் தண்ணீர்

கழிமுகத்துக்குப் போக வேண்டுமென்றால் நம்மவர்கள் உடனே முட்டுக்காடு என்பார்கள். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1984-இல் தொடங்கிய படகு குழாம் அது. துடுப்புப் படகு, மோட்டார் படகு, விரைவுப் படகு என்று எல்லாம் கிடைக்கும். சென்னையில் உறவினர் வீட்டுக்குப் போகும்போது ஒரு காலைப் பொழுதை அங்கே கழிக்கலாம். ஆரணியிலிருந்து இதற்கென்றே கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்வது முதலியார்குப்பம். வந்தவாசி, மேல்மருவத்தூர், செய்யூர் வழியாகப் போனால் சென்னை நெரிசலைத் தொடாமலே கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துவிடலாம். அதுவும் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு குழாம்தான். உப்பங்கழியைக் கடந்து மறுபக்கத்து மணல்திட்டுக்குக் கூட்டிப்போவார்கள்; இந்தப் பக்கம் கழி, அந்தப் பக்கம் கடல். போகும் வழியில் வேடந்தாங்கலையும் சேர்த்துக்கொண்டால் ஒரு நாள் நிறைவாக இருக்கும். வேடந்தாங்கல் ஏரியில் படகு கிடையாது. இருக்கவும் கூடாது. கூடு கட்டும் பறவைகளைக் கரையிலிருந்து பார்ப்பதுதான் முறை.

பிச்சாவரம் ஒரு நாளில் போய்வர நீளம். சிதம்பரத்தில் இரவு தங்கி, நடராசரைப் பார்த்துவிட்டு, மறுநாள் அதிகாலை போங்கள். சுமார் 1,100 ஹெக்டேர் சதுப்புக் காடு. வெண்கண்டலும் சுரபுன்னையும் வேரைத் தூக்கி நிறுத்திக்கொண்டு நிற்கும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் தந்த தில்லை மரத்தையும் இங்கே படகோட்டி காட்டுவார். அதன் பாலைத் தொட்டுக் கண்ணைக் கசக்கிவிடாதீர்கள். எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' எடுத்த இடம் என்பதையும் தவறாமல் சொல்வார்.

இங்கே மோட்டார் படகா, துடுப்புப் படகா என்று கேட்பார்கள். யோசிக்காமல் துடுப்புப் படகைக் கேளுங்கள். மோட்டார் படகு அகன்ற கால்வாய்களில்தான் போகும், சத்தமும் அதிகம். துடுப்புப் படகுதான் கிளைகள் தலைக்கு மேல் கூடும் குறுகிய சந்துகளுக்குள் நுழையும். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் போகிறோம்.

கழிமுகத்தில் தண்ணீர் கடலோடு ஏறி இறங்கும். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். நமக்கு அமாவாசையன்று தறி ஓடாது, ஆகவே பலர் அன்றுதான் கிளம்புகிறார்கள். தவறில்லை. படகுத்துறைக்கு முந்தின நாளே போன் செய்து, "நாளைக்கு ஏத்தம் எத்தனை மணிக்குண்ணே?" என்று கேட்டுவிடுங்கள். ஏற்றத்தில் சந்துகளுக்குள் வெகுதூரம் போகலாம். வற்றத்தில் அடி தட்டும். ஆனால் வேர்களும் நண்டுகளும் சேற்றில் நடக்கும் பறவைகளும் வற்றத்தில்தான் தெரியும். எது வேண்டுமோ அதற்கேற்ப நேரம் வையுங்கள். கடற்கரையோரம் முழுக்கவும் பிற்பகலில் கடற்காற்று எழும். காலைப் படகே சுகம்.

முட்டுக்காட்டிலோ முதலியார்குப்பத்திலோ படகோட்டியிடம் பக்கிங்காம் கால்வாய் எங்கே என்று கேளுங்கள், கைகாட்டுவார். 1806-இல் பசில் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய சிறு கால்வாயில் தொடங்கியது அது. 1876 முதல் 78 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்தவர்களின் கையால் வளர்ந்தது. ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்றது. வடக்கே ஆந்திரத்தில் பெத்தகஞ்சாமிலிருந்து தெற்கே மரக்காணம் வரை சுமார் 420 கி.மீ.; அதில் தமிழ்நாட்டுப் பங்கு 163 கி.மீ. உப்பும் விறகும் நெல்லும் அதில்தான் சென்னைக்கு வந்தன. பாரதிதாசன் நண்பர்களோடு படகேறி இந்த வழியாகத்தான் மாமல்லபுரம் போனார். 'மாவலிபுரச் செலவு' என்று அதைக் கவிதையாக்கியும் இருக்கிறார். 1965, 66 புயல்களுக்குப் பிறகு கால்வாய் போக்குவரத்து எழவே இல்லை. சென்னைக்குள் அதன்மேல் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. 2008-இல் தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவித்தார்கள். அறிவிப்பு இருக்கிறது, படகு இல்லை.

இதை ஏங்கிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அயர்லாந்தில் 1860-இல் திறந்து, பத்தாண்டு கூட உருப்படியாக ஓடாமல் கைவிடப்பட்ட கால்வாய் ஒன்று புல் மண்டிக் கிடந்தது. அதைத் தூர்வாரி, 1994-இல் ஷானன்–எர்ன் நீர்வழி என்று மறுபடி திறந்தார்கள். 63 கி.மீ. நீளம், 16 இடங்களில் அடைப்புக் கதவுகள். சரக்கு எதுவும் போவதில்லை. குடும்பங்கள் வாடகைப் படகில் வாரக்கணக்கில் போகின்றன, கரையோர ஊர்களில் கடை நடக்கிறது. நம் கால்வாயிலும் ஆறுகளைக் கடக்குமிடங்களில் இதே போன்ற அடைப்புக் கதவுகள் இருந்தன. முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரையிலாவது ஒரு துண்டைச் சுத்தம் செய்து படகு விட்டால் போதும். பாரதிதாசன் போன வழி என்று சொல்லியே டிக்கெட் விற்கலாம்.

ஏறுமுன்

இந்தப் பகுதியை வீட்டிலேயே படித்துவிடுங்கள். துறையில் நிற்கும்போது பிள்ளைகள் கையை இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்கைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் ஓடினார்கள், படகு சாய்ந்தது. 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் 25 பேரை ஏற்றிய மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். யாரிடமும் உயிர்காப்புச் சட்டை இல்லை. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் பொழுது சாய்ந்த பிறகு, அளவுக்கு மேல் ஆளேற்றி ஓட்டிய படகில் 22 பேர். 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்ணி ஏரியில் சுற்றுலா வந்த 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும். பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. ஆள் அதிகம், சட்டை இல்லை, நேரம் தப்பியது, ஒரு பக்கம் சாய்ந்தார்கள்: காரணங்கள் இவ்வளவுதான். நாலும் பயணி பார்த்துத் தடுக்கக்கூடியவை.

படகில் எத்தனை பேர் என்று எழுதியிருக்கும். எண்ணுங்கள். கைக்குழந்தையும் ஆள்தான். "இன்னும் ரெண்டு பேர்தானே, சின்னப் பசங்கதானே, ஏறிக்கோங்க" என்று படகோட்டி சொன்னால், "பரவாயில்லைண்ணே, அடுத்த படகுல வர்றோம்" என்று இறங்கிவிடுங்கள். சண்டை போட வேண்டாம். பதிவு எண் இல்லாத படகில் ஏறாதீர்கள். 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021 உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி இயந்திரப் படகுக்குப் பதிவும் பரிசோதனையும் காப்பீடும் வேண்டும். மீனவர் வலைப்படகை உல்லாசத்துக்கு வாடகைக்கு எடுக்கவே கூடாது. அவர் திறமைக்குக் குறைவில்லை. அந்தப் படகு ஆள் உட்காரச் செய்ததல்ல.

உயிர்காப்புச் சட்டையைப் பலர் மடியில் வைத்துக்கொள்கிறார்கள், சிலர் மேலே உட்கார்ந்துகொள்கிறார்கள். போட்டு, வார்களை எல்லாம் இழுத்துக் கட்டிவிட்டு, இன்னொருவரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். சட்டை காதுவரை ஏறினால் அது உங்கள் அளவு அல்ல. பெரியவர் சட்டையைப் பிள்ளைக்குப் போட்டால் தண்ணீரில் பிள்ளை கீழே நழுவிச் சட்டை மட்டும் மேலே மிதக்கும். பிள்ளைக்குச் சின்ன அளவும், தொடைக்கிடையே மாட்டும் வாரும் உள்ளதாகக் கேளுங்கள். தையல் பிரிந்ததை, நூல் நைந்ததை உங்கள் கண் சட்டென்று பிடிக்கும். அந்தத் திறமையை இங்கேயும் காட்டி, மாற்றித் தரச் சொல்லுங்கள். நீச்சல் தெரியும் என்று சட்டை போடாமலிருக்கும் மாமா வீட்டுக்கு ஒருவர் இருப்பார். அவருக்கு முதலில் போடுங்கள்.

ஏறும்போது ஒருவர் பின் ஒருவராக, படகின் நடுவில் காலை வைத்து, உடனே உட்கார்ந்து, பிறகு நகருங்கள். குதிக்கக் கூடாது. செல்பிக்கு எழுந்து நிற்பதையும், பக்கத்துப் படகுக்குத் தாவி நொறுக்குத்தீனி கொடுப்பதையும் தடுக்க ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள். அத்தை சரியான ஆள். கவிழ்ந்தே விட்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள். படகைப் பிடித்துக்கொண்டு மிதந்திருங்கள். தேடி வருகிறவர் கண்ணுக்குப் படகுதான் முதலில் படும்.

உடுப்பு

ஆரணிப் பட்டைக் கட்டிக்கொண்டு படகில் போட்டோ எடுக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானதே. கரையில் எடுத்துக்கொள்ளுங்கள். உயிர்காப்புச் சட்டையின் ஒட்டுப்பட்டி பட்டு இழையைப் பிடித்து இழுத்துவிடும். ஏரித் தண்ணீர் தெறித்த இடம் வட்டமாகக் கறை கட்டும். உப்புத்தண்ணீர் பட்டால் ஜரிகை கறுக்கும். அதைவிட முக்கியம், எந்தப் புடவையும் நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும். சுடிதார் நல்லது. பாட்டி புடவைதான் கட்டுவேன் என்றால் முந்தானையை இடுப்பில் செருகி, அதன்மேல் சட்டையை மாட்டிவிடுங்கள். மிதி படகில் துப்பட்டா மிதியில் சிக்கும், கழற்றிப் பையில் வையுங்கள். பின்வார் உள்ள செருப்பு, தொப்பி, போனுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. சாப்பாடு கரையில்தான்.

ஒகேனக்கல் பரிசல்

நாம் இதுவரை பேசிய படகுகளுக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. பரிசலுக்கு இல்லை. மூங்கில் பிளாச்சில் பின்னிய வட்டம். முன்பு தோல் போர்த்தினார்கள், இப்போது வேறு உறை. ஒற்றைத் துடுப்பால் பரிசல்காரர் அதைச் சுழலாமல் கொண்டுபோவதே ஒரு வித்தை. வேண்டுமென்றே சுழற்றியும் காட்டுவார்; வயிறு கலங்குகிறவர்கள் முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். திரும்பி வந்து கரையில் மீன் வறுவல் சாப்பிட இடமிருக்கட்டும். கட்டணத்தையும் எதுவரை போய்வருவது என்பதையும் அனுமதிச் சீட்டு தரும் இடத்திலேயே தெளிவாகக் கேட்டுக்கொண்டால் நடு ஆற்றில் பேரம் இராது.

இரண்டு நாள் இருந்தால்: ஆலப்புழை

படகில் இரவு தங்க வேண்டுமென்றால் கேரளம்தான். சென்னை சென்ட்ரலிலிருந்து இரவில் கிளம்பும் ஆலப்புழை எக்ஸ்பிரஸ் காட்பாடியில் நிற்கும். ஏறிப் படுத்தால் மறுநாள் முற்பகலில் ஆலப்புழை. வீட்டுப்படகுகளில் நண்பகலை ஒட்டித்தான் ஆளேற்றுவார்கள், ஆகவே நேரம் பொருந்திவரும்.

குட்டநாட்டு நெல்லைக் கொச்சிக்குச் சுமந்த கெட்டுவள்ளம்தான் இன்று வீட்டுப்படகு. அசல் வள்ளத்தில் ஆணி கிடையாது. ஆஞ்சிலிப் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். இழை தெரிந்த ஊர்க்காரர் அந்தத் தையலைக் குனிந்து பார்க்காமல் வரக்கூடாது.

பேசும்போது இவற்றைக் கேளுங்கள்: எத்தனை மணி நேரம் ஓடும், எங்கே நிறுத்துவீர்கள், ஏசி இரவு முழுக்கவா சில மணி நேரமா, சாப்பாட்டில் என்ன, மீன் தனிக் காசா. மாலை ஐந்தரை மணிவாக்கில் எல்லா வீட்டுப்படகும் கரையில் கட்டிவிடும். அதற்குப் பிறகு மீனவர்கள் வலை விரிக்கும் நேரம். இரவெல்லாம் படகு ஓடும் என்று யாராவது சொன்னால் அவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். துறையில் போய் மூன்று நாலு படகை ஏறிப் பார்த்து, கழிவறையையும் உயிர்காப்புச் சட்டைகளையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள். தை, மாசி ஏற்ற மாதங்கள். ஆகஸ்டில், 1952 முதல் நடக்கும் நேரு கோப்பை வள்ளங்களி சமயத்தில் போனால் கூட்டமும் வாடகையும் இரண்டு மடங்கு.

காசு குறைவா? கேரள நீர்ப்போக்குவரத்துத் துறையின் பயணிகள் படகு ஆலப்புழையிலிருந்து கோட்டயம் போகிறது, இரண்டரை மணி நேரம். பள்ளிப் பிள்ளைகளும் மீன்கூடைக்காரரும் ஏறி இறங்குவார்கள். வீட்டுப்படகு போகும் அதே வேம்பநாட்டுக் காயல்தான், பேருந்துக் கட்டணத்தில். என்னைக் கேட்டால் முதல் நாள் இதில் போய்விட்டு, அதன் பிறகும் ஆசை இருந்தால் வீட்டுப்படகை எடுங்கள்.

பிள்ளைகள் டப்ளினில் இருந்தால்

ஆரணிப் பிள்ளைகளும் இப்போது கணினி வேலைக்கும் செவிலியர் வேலைக்கும் அயர்லாந்து போகிறார்கள். பெற்றோர் போய்ப் பார்க்கும்போது ஷானன் நதியில் ஒரு வாரப் படகு என்று பிள்ளை ஆசைப்பட்டால் மறுக்க வேண்டாம். 360 கி.மீ. நதி, வழியில் பெரிய ஏரிகள். அங்கே படகோட்டி வரமாட்டார், உங்கள் மகன்தான் ஓட்டுவான். வாடகைப் படகுக்கு உரிமம் கேட்பதில்லை. புறப்படுமுன் சிறிது நேரம் சொல்லிக்கொடுத்துச் சாவியைத் தந்துவிடுவார்கள். அடுப்பு, படுக்கை, கழிவறை உள்ளேயே. புளிக்காய்ச்சல் கொண்டுபோகலாம். 7 மீட்டருக்குக் குறைந்த படகில் எல்லோரும் உயிர்காப்புச் சட்டை போட வேண்டும் என்பது அங்கே சட்டம். 16 வயதுக்குட்பட்டவர் எந்தப் படகின் மேல்தளத்திலும் கழற்றக் கூடாது.

அடைப்புக் கதவு வரும்போது பதற வேண்டாம். படகு உள்ளே போனதும் பின்கதவு மூடும். தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டுவந்து முன்கதவைத் திறப்பார்கள். கயிற்றைக் கரைக்கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்திருக்க வேண்டும். முடிச்சுப் போடக் கூடாது, தண்ணீர் இறங்கும்போது படகு தொங்கிவிடும். இந்த வேலையை அப்பாவிடம் கொடுங்கள்.

அங்கே படகுப் பருவம் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை. குளிர்காலத்தில் பெரும்பாலான வாடகை நிறுவனங்கள் மூடியிருக்கும். வைகாசி, ஆனி முகூர்த்தங்களுக்குச் சேலை முடித்துக் கொடுத்துவிட்டு ஆடியில் கிளம்புவது தறிக்காரருக்குத் தோது. ஜூலை, ஆகஸ்டில் வாடகை உச்சத்தில் இருக்கும் என்பதால் படகைத் தை மாதமே பதிவு செய்யச் சொல்லிவிடுங்கள்.